வெயிலுக்கு முன்னும் பின்னும்

சென்னையில் ஊர் சுற்றத் தகுந்த பொழுது காலை ஒன்பது மணிக்கு முடிந்து மாலை ஐந்து மணிக்கு மறுபடி தொடங்குகிறது. நடுவிலுள்ள எட்டு மணி நேரம் வெயிலின் நிர்வாகத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இந்த நிர்வாகம் கொஞ்சம் இளகும். சித்திரையில் காலை ஏழரைக்கே கடையைக் கட்டச் சொல்லிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஏரிகள் தாமாகவே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவதால் வெளியே போகும் அவசியமே எழுவதில்லை. ஆகவே உள்ளூர்க்காரரிடம் "சென்னையில் எங்கே போகலாம்?" என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால்தான் எங்கே என்பதை அவரால் சொல்ல முடியும்.

உள்ளூர்க்காரர் தாமாக எங்கும் போவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து அறுபதைக் கடந்த பிறகும் மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏறாதவர்கள் ஏராளம். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1977இல் செயல்படத் தொடங்கிய அந்த விளக்கு, பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்து, 2013 நவம்பரில்தான் மீண்டும் திறந்தது. கலங்கரை விளக்கங்களில் அரிதான லிஃப்ட் வசதி அங்கே உண்டு. மூடியிருக்கிறது என்ற சாக்கும், படி ஏற முடியாது என்ற சாக்கும் ஒரே நாளில் பறிபோன நிலையில், "இங்கேதானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்ற மூன்றாவது சாக்கு இன்று வரை அவர்களைக் காப்பாற்றி வருகிறது.

சென்னைவாசியை வீட்டிலிருந்து கிளப்பும் ஆற்றல் ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கு மட்டுமே உண்டு. முதல் முறை வருபவருக்கு மெரினா, வண்டலூர், மகாபலிபுரம், ரங்கநாதன் தெரு என்ற நான்கும் போதும். இரண்டாம் முறைக்கு இவற்றையே பின்னாலிருந்து முன்னாகக் காட்டலாம். மூன்றாம் முறை திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கும் சித்தப்பா, பையைக் கீழே வைக்கும் முன்பே "அதெல்லாம் பார்த்தாச்சுப்பா" என்று சொல்லிவிடுவார். இந்தக் கட்டுரை அவருக்கானது.

நேரத்துக்கு அடுத்துக் கவனிக்க வேண்டியது கிழமை. சென்னையின் ஒவ்வொரு இடமும் தனக்கென ஒரு விடுமுறை நாளை வைத்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு ஞாயிறு. அதாவது, நகரத்துக்கு விடுமுறையான அதே நாள். இந்த அட்டவணையை மனப்பாடமாகத் தெரிந்தவரே உண்மையான உள்ளூர்க்காரர். தெரியாதவர்கள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூட்டிய கேட்டின் முன் குடும்பத்தோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

நாளின் முதல் பயணம் நள்ளிரவில் தொடங்குகிறது. ஜனவரி முதல் கோடை தொடங்கும் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வருகின்றன. மாணவர்களால் 1988இல் தொடங்கப்பட்ட கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடந்து, ஆமை இட்டுச் சென்ற முட்டைகளைத் தோண்டி எடுத்துக் கரையிலுள்ள பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கிறார்கள். நாய்க்கும் நரிக்கும் தெருவிளக்குக்கும் குஞ்சுகள் பலியாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, படம் எடுக்கும்போது ஃபிளாஷ் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு சென்னைக் குடும்பம் நாலு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே தனிக் காட்சிதான்.

ஆமையைப் பார்ப்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மணலில் டிராக்டர் ஏறியதுபோல் ஒரு தடம் தெரியும். அது கடலிலிருந்து மேலேறி, ஓரிடத்தில் சுற்றி, திரும்பக் கடலுக்கே போயிருக்கும். அந்தத் தடத்தைக் கண்டதையே ஆமையைக் கண்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. கூட்டில் நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். பொரிக்க ஏழு வாரம் போல ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும் குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகம் பிறக்கும். வெயில் தலையிடாத விஷயம் இந்த ஊரில் முட்டைக்குள்ளும் இல்லை. சில ஆண்டுகளில் உயிருள்ள ஆமையைவிடச் செத்து ஒதுங்கிய ஆமைகளே அதிகம் கண்ணில் படும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவலையில் மாட்டி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாவதே பெரும்பாலும் காரணம்.

நடை முடிவது அதிகாலையில் எலியட்ஸ் கடற்கரையில். அங்கே வெள்ளை வளைவோடு நிற்கும் கட்டடத்தைப் பல படங்களில் பார்த்திருந்தும் அது என்னவென்று கேட்காதவர்களே அதிகம். 1930 டிசம்பர் 30 அன்று கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிப்போன ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச்சின்னம் அது. காதலர்கள் தங்கள் பெயர்களை அதன்மேல் எழுதி வைத்த அளவுக்கு, அதிலுள்ள பெயரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு எழுந்திருக்கும் துணிச்சல் உள்ளவர்கள் வடக்கே காசிமேட்டுக்குப் போகலாம். ஞாயிறு விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகம், தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவுக்குச் சமம். கூடுதலாகத் தரை வழுக்கும். விசைப்படகுகள் வந்து அணைய அணைய வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, கடம்பா, நண்டு, இறால் எல்லாம் கூடை கூடையாக இறங்கி ஏலத்துக்குப் போகின்றன. ஏலம் விடுபவர் சொல்லும் எண் எதுவும் புதியவர் காதில் எண்ணாக விழாது. ஒரு இருமல், ஒரு தலையாட்டல், அவ்வளவில் நாற்பது கிலோ மீன் கை மாறிவிடும். ஆகவே ஏலக் கூட்டத்தில் நிற்கும்போது கொசுவை ஓட்டக் கையைத் தூக்காமல் இருப்பது நலம்.

சில்லறையில் வாங்க வேண்டுமானால் ஏலத்தைத் தாண்டி, கூறு கட்டி விற்கும் பெண்களிடம் போக வேண்டும். "இன்னா சார், பாத்துகினே கீறீங்க, எடுத்துகினு போங்க" என்பது அங்கே வரவேற்புரை. வெளியூர் விருந்தாளி பாதி விலையில் பேரம் தொடங்குவார். அந்த அம்மா மீனைப் பார்ப்பார், அவரைப் பார்ப்பார், பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வார். விலை சற்று ஏறியதுபோல் தோன்றும். வாங்கிய மீனை அங்கேயே கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளலாம். வீடு திரும்பும் கார், வாரம் முழுவதும் பயண நினைவைக் காப்பாற்றித் தரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், சிறு படகுகளின் மீன் மட்டும் வரும், விலை கேட்டவுடன் சித்தப்பா சைவமாகிவிடுவார்.

திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போயிற்று. உயர்ந்த தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடத்தில் இன்று கூட்டம் இல்லை. சென்னையில் ஒரு ரயில் நிலையத்தில் கூட்டம் இல்லை என்பதே போய்ப் பார்க்கப் போதுமான காரணம்.

ஆறு மணிக்கு அடையாற்று முகத்துவாரம். ஊரூர் குப்பத்துக்கு அருகே ஆற்றின் குறுக்கே உடைந்த பாலம் ஒன்று உண்டு. 1967இல் கட்டி 1977இல் வெள்ளத்தில் உடைந்தது. அதன் பிறகு அதை யாரும் ஒட்டவில்லை. பத்தாண்டு பாலமாக இருந்ததைவிட, அரை நூற்றாண்டாகப் பாதிப் பாலமாக இருந்து சினிமாவுக்கும் திருமணப் புகைப்படக்காரர்களுக்கும் அது செய்திருக்கும் சேவை பெரியது. கைப்பிடிச் சுவர் இல்லை. இருட்டில் போகக் கூடாது. ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் ஆலமரம். வயது நானூற்றைம்பது இருக்கும் என்கிறார்கள். 1989 புயலில் தாய்மரம் சாய்ந்துவிட்டது; விழுதுகளே இப்போது மரம். தோட்டம் காலையில் சிறிது நேரமும் பிற்பகலில் சிறிது நேரமும் திறந்திருக்கும். வாசல் காவலாளியின் கடிகாரமே செல்லும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் இதே காலை நேரம்தான். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த நிலத்தின் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் பூநாரை, கூழைக்கடா, நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி. மூன்று தரப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. பறவை பார்க்க வருபவர்கள் இருநூறு அடி சாலையோரம் வண்டியை நிறுத்தித் தொலைநோக்கியைத் தூக்கினால், பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கும். மனிதர் திடுக்கிடுவார். பறவை அசையாது, அது உள்ளூர்.

காலை வெயில் ஏறும் முன் போக வேண்டிய கடைசி இடம் பரங்கிமலை. உயரம் முந்நூறு அடி அளவுதான் என்றாலும், கடல்மட்டத்திலேயே வாழ்க்கை நடத்தும் சென்னைக்காரர்களுக்கு அது மலையே. படிக்கட்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டித் தந்தது. உச்சியில் 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய மாதா கோயில். சுவரோரம் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் காலடியில் தெரியும். விருந்தாளிகளின் குழந்தைகள் மாதாவையும் போர்த்துகீசியரையும் விட்டுவிட்டு இந்தச் சுவரிலேயே நின்றுவிடுவார்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை.

அங்கே வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் நில அளவையை அவர் தொடங்கியது இந்த மலையடியில். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கமாக ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்து, மே மாதத்தில் முடித்தார். அந்த அளவையின் தொடர்ச்சியில்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டது. இவை பாடப்புத்தகச் செய்திகள். உள்ளூர்க்காரரை வாயடைக்க வைப்பது தேதிதான். ஏப்ரல் 10 முதல் மே வரை, கத்திரி வெயிலையும் உள்ளிட்டு, மனிதர் பெரும்பாக்கம் சாலையில் சங்கிலி பிடித்திருக்கிறார். சங்கிலி வெயிலில் நீண்டுவிடும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்தார்கள். சங்கிலி பிடித்த கூலியாட்களுக்கு எத்தகைய நிழல் கட்டப்பட்டது என்பதை எந்தச் சிலையும் சொல்வதில்லை.

ஒன்பது மணிக்கு மேல் கூரையுள்ள இடங்கள். நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தைச் சென்னைப் பள்ளி மாணவர்கள் மழை விடுமுறையோடு மட்டும் தொடர்புபடுத்துகிறார்கள். அதன் வளாகத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய மெட்ராஸ் வானியல் ஆய்வுக்கூடத்தின் பதினைந்து அடிக் கருங்கல் தூண் நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. 1861இல் நார்மன் பாக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். இந்த ஆய்வுக்கூடம் கணித்த மெட்ராஸ் நேரம் ஒரு காலத்தில் இந்திய ரயில்வேக்கே நேரமாக இருந்தது. 1906இல் இந்திய நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னுக்குத் தள்ளப்பட்டன. "இதோ, பக்கத்துத் தெருவில் வந்துகொண்டிருக்கிறேன்" என்று போனில் சொல்பவர்கள் இன்னும் பழைய கடிகாரத்தையே பின்பற்றுகிறார்கள். வளாகம் அரசு அலுவலகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தூணைப் பார்க்க அனுமதி கேட்பவரை அலுவலகம் முதலில் சந்தேகமாகவும் பிறகு அனுதாபமாகவும் பார்க்கும்.

பாரிமுனை ஆர்மீனியன் தெருவில், சைக்கிள் ரிக்ஷாவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவே ஒரு பெரிய மரக்கதவு. அதைத் தாண்டினால் 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம். தெருவின் இரைச்சல் கதவோடு நின்றுவிடும். தரை முழுதும் கல்லறைப் பலகைகள். மிதிக்காமல் நடப்பது கடினம். வழிபட ஆர்மீனியர்கள் ஊரில் இல்லாமல் போய் நெடுநாளாயிற்று. பத்திரிகை உலகத்தார் அவசியம் பார்க்க வேண்டியது இங்குள்ள ஹாருத்யுன் ஷ்மாவோனியன் பாதிரியாரின் கல்லறை. உலகின் முதல் ஆர்மீனியப் பருவ இதழான 'அஸ்தரார்' இதழை இவர் 1794இல் மெட்ராசில் வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1796இல், இதழ் நின்றுபோனது. சந்தா சேர்த்து, தாமே அச்சிட்டு, சீக்கிரமே நிறுத்தும் சிற்றிதழ் மரபு சென்னையில் 'எழுத்து', 'மணிக்கொடி' இதழ்களுக்கு வெகு முன்பே வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உச்சி வெயிலில் போகப் பொருத்தமானது மெரினாவின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து மரத்தூளில் பொதிந்து மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து சென்னையில் விற்றார். அதைச் சேமிக்க 1842இல் எழுந்தது இந்த வட்டக் கட்டடம். கப்பல் வந்து சேரும்போது பாதி உருகியிருந்தாலும் லாபம் நின்றது என்பதிலிருந்து அன்றைய வெயிலின் தரத்தை ஊகிக்கலாம். செயற்கை ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்தது. கட்டடம் கை மாறியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். பேருந்து நடத்துனர்கள் மட்டும் ஐஸ் வியாபாரம் நேற்றுவரை நடந்ததுபோல் "ஐஸௌஸ் எறங்கு" என்றே கூப்பிடுகிறார்கள்.

பகலின் மிச்சத்தைப் பறக்கும் ரயிலில் கழிக்கலாம். இது உள்ளூர்க்காரர்களே ஒப்புக்கொள்ளாத உல்லாசப் பயணம். கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995இல் ஓடத் தொடங்கி, 1997இல் திருமயிலையையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டியது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே மேலே செல்வதால் சில இடங்களில் வாசனையும் உடன் பயணிக்கும். ஆனால் வெயில் நேரத்தில் பெட்டி காலியாக இருக்கும், காற்று பிய்த்துக்கொண்டு போகும், மொட்டை மாடிகளில் காயும் வடகமும் சேப்பாக்கம் மைதானத்தின் முதுகும் கபாலி கோயில் கோபுரமும் ஜன்னலில் வந்துபோகும். மிகக் குறைந்த டிக்கெட் ஐந்து ரூபாய். நிலையங்கள் விமான நிலைய அளவில் கட்டப்பட்டவை. எதிர்பார்த்த கடைகள் வரவில்லை, புறாக்கள் வந்தன. திருமயிலை நிலையத்தில் வெளியே போகும் வழியைக் கண்டுபிடிப்பதைத் தனி விளையாட்டாகவே குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.

ஐந்து மணிக்கு ரயில் கடற்கரை நிலையத்தில் விடும்போது, எதிரே பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ வண்டிகள் வந்திருக்கும். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் நிலங்களும் அரசுடைமை ஆனபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். இங்கே வந்து இறங்கியவர்களுக்குத் தெருவில் கடை போட இடம் கிடைத்தது. அதுதான் பர்மா பஜார். வெளிநாட்டு வானொலியும் வாசனைத் திரவியமும் விற்ற பஜாருக்கு இன்று பழைய மவுசு இல்லை. உடன் வந்த சாப்பாடு நிலைத்துவிட்டது.

அத்தோ என்பது செம்மஞ்சள் நிற நூடுல்ஸ். அதில் முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய தட்டை, பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கரண்டி கேட்பவர் புதியவர் என்று தெரிந்துவிடும். தொட்டுக்கொள்ள, முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயம் திணித்த மசாலா முட்டை. குடிக்க வாழைத்தண்டு சூப். சூப் தீரத் தீர ஊற்றுவார்கள், கணக்கில் வராது. அதே நூடுல்ஸைச் சூப்பில் மிதக்கவிட்டால் மொய்ங்கா. தட்டையை நிறைய நொறுக்கிப் போட்டால் பேஜோ. பிசையும் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் எதிரில் எட்டுப் பேர் காத்திருப்பார்கள், ஆகவே விளக்கம் கேட்காமல் "அத்தோ ஒண்ணு, முட்டை ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதே முறை. சுத்தம் பற்றிக் கவலைப்படும் அத்தையை அழைத்துவருவதானால் பிசையும் காட்சி தெரியாத பக்கமாக நிறுத்த வேண்டும். இரண்டாவது தட்டை அவரே கேட்பார். இனிப்பு வேண்டுபவர்கள் இங்கிருந்து சௌகார்பேட்டைக்கு நடந்து, தங்கசாலைத் தெருவில் நெய் ஜிலேபியோ முறுக்கு சாண்ட்விச்சோ சாப்பிடலாம். மாடுகளுக்கு வழிவிட வேண்டும்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்களுக்கு நகரத்துக்கு வெளியே சில இடங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு எல்லோரும் போகிறார்கள். வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்து "பொம்மையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாதிப் பேர் போவதில்லை. 1978இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சையும் எடுக்கிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அதுதான் மூலப்பொருள். பாம்பைச் சில வாரம் பானையில் வைத்திருந்து, சில முறை நஞ்சு எடுத்துவிட்டு, பிடித்த காட்டுப் பக்கமே விட்டுவிடுவார்கள். விளக்கம் தரும் பெரியவர் நல்ல பாம்பைக் காய்கறி எடுக்கும் சாவதானத்தோடு பானையிலிருந்து எடுப்பார். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது, இந்தச் சாவதானத்துக்காகத்தான். முன்வரிசையில் இடம் எப்போதும் காலியாகவே கிடைக்கும்.

இன்னும் தெற்கே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமி மணலைக் கலைத்துக் காட்டிய பாறைக் கல்வெட்டுகளைப் பின்தொடர்ந்து தோண்டியபோது கிடைத்த செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. மகாபலிபுரம் போகும் பேருந்துகள் அதைக் கடந்தே போகின்றன, நிற்பதில்லை. வேடந்தாங்கல் ஓரளவு தெரிந்த இடம் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பழம்பொருள் சந்தை கூடும். பழைய மின்விசிறி, ஒற்றைச் செருப்பு, டைப்ரைட்டர், யாரோ ஒருவரின் பட்டமளிப்புப் புகைப்படம் எல்லாம் கிடைக்கும். ஆனால் பல்லாவரத்தில் கிடைத்த மிகப் பழைய பொருள் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கண்டெடுத்த கற்கோடரி. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவி அதுதான். அன்று சனிக்கிழமை. சந்தைக்கு ஒரு நாள் பிந்திப் போனவருக்கு மிச்சம் கிடந்ததே இவ்வளவு என்று பல்லாவரத்துக்காரர்கள் பெருமை கொள்ள உரிமை உண்டு. அதே ஆண்டு அவர் கண்ட அத்திரம்பாக்கம், திருவள்ளூர் தாண்டிக் கொற்றலையாற்றுப் பக்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு வரை போகிறது. பூண்டி அணைக்கட்டின் அருகே தொல்லியல் துறை ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அங்கிருந்து குடியம் குகைகளுக்கு முள்காட்டு வழியாக நடக்க வேண்டும். கடை கிடையாது, நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோனால் உண்டு. மேலே உருண்டைக் கற்கள் பதிந்த பெரும்பாறை குடைபோல் கவிந்திருக்கும். வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடிய முதல் சென்னைவாசிகள் அந்தக் கற்கருவிகளைச் செய்தவர்களே.

வடக்கே பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்தை நெடுங்காலம் இங்கிருந்தே நடத்தினார்கள். கோட்டை புதராகிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் வருபவர்களை வரவேற்பவை இரண்டு கல் எலும்புக்கூடுகள். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் நிற்கும். படகுக்காரர்கள் அழைத்தாலும் ஏறக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கரையிலேயே இறாலும் நண்டும் கிடைக்கின்றன.

ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்க 2019இல் 5000 பேர் உட்காரும் பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. இணையத்தில் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில், ரயில் தட்கால் அனுபவம் உள்ளவர்களே இடம் பிடித்துவிடுவார்கள். கிடைக்காதவர்கள் பழவேற்காட்டுக் கரையிலிருந்தோ, வானம் தெளிவாக இருந்தால் சென்னையில் தங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தோ பார்க்கலாம். மாடியில் கூடும் கூட்டம் வடக்கு எது என்பதில் ஒருமித்த கருத்துக்கு வருவதற்குள் ராக்கெட் மேகத்துக்குள் போய்விடுவதும் உண்டு. இடம் கிடைத்தவர்கள் சென்ட்ரல் பக்கத்திலிருந்து சூளூர்பேட்டைக்கு மின்சார ரயில் பிடிக்கலாம். கடைசி நிமிடத்தில் ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டால் சூளூர்பேட்டையில் பொழுது போக வழி அதிகம் இல்லை. சற்று வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான கூழைக்கடாக்கள் அங்கே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். முன்பதிவும் தலைகீழ் எண்ணிக்கையும் தேவையில்லை.